ரான் பராசி: ஆட்டக்காரராக 6, பயிற்றுநராக 4 கிண்ணம்

ஆஸ்திரேலியர்கள் தங்களுக்கென வைத்திருக்கும் காற்பந்து நாம் ஆடும் காற்பந்து அல்ல. முட்டை வடிவத் திடலில் அணிக்கு 18 பேர் ஆடுவார்கள். பந்தைக் கையில் எடுக்கலாம், எறியக்கூடாது. உதைக்க வேண்டும், இல்லையேல் ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும். கோல் அடித்தால் 6 புள்ளி. அந்த ஆட்டத்தில் மிகப் பெரிய பெயர் ரான் பராசி.

1936இல் விக்டோரியா மாநிலத்தின் காசல்மேன் நகரில் பிறந்தார். மெல்பர்ன் குழுவுக்கு ஆடிய தந்தை, 1940இல் கிண்ணம் வென்ற மறு ஆண்டே லிபியாவின் டோப்ருக் போர்முனையில் உயிரிழந்தார். பையனுக்கு அப்போது 5 வயது. பின்னாளில் தந்தையின் சக ஆட்டக்காரரான நோர்ம் ஸ்மித் அவரைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். மெல்பர்னின் பயிற்றுநரும் அவரேதான். வீட்டில் வளர்ப்புத் தந்தை, திடலில் கண்டிப்பான வாத்தியார்.

தந்தை ஆடிய குழுவில் மகன் சேரலாம் என்ற விதியின்கீழ் 1953இல் களமிறங்கிய பராசி, 31ஆம் எண் சட்டையில் 6 கிண்ணங்களை வென்றார். 1960, 1964 வெற்றிகளில் அவரே தலைவர்.

1964 இறுதியில் கார்ல்டன் குழு தலைவராகவும் பயிற்றுநராகவும் அழைத்தது. போய்விட்டார். மெல்பர்ன் ரசிகர்களுக்கு அது வீட்டுப் பிள்ளை வீட்டை விட்டுப் போனது போல. குழுவும் அதன்பின் 57 ஆண்டுகள் கிண்ணத்தைக் காணவில்லை.

கார்ல்டனுக்கு 1968இல் கிண்ணம் வந்தது. ஆனால் பேசப்படுவது 1970 இறுதியாட்டம்தான். மெல்பர்ன் கிரிக்கெட் திடலில் 121,696 பேர். முற்பாதி முடிவில் காலிங்வுட் 44 புள்ளி முன்னிலை. வேறு வழியில்லாதபோது மட்டும் குத்தி அனுப்புவது அன்றைய வழக்கம். பராசியோ, எப்படியாவது கைக்குத்தால் பந்தைக் கடத்திக்கொண்டே ஓடுங்கள் என்றார். மாற்று ஆட்டக்காரராக இறக்கிய டெட் ஹாப்கின்ஸ் 4 கோல் போட்டார். கார்ல்டன் 111-101 என வென்றது. நவீன ஆட்டமே அன்றுதான் பிறந்தது என்பார்கள். அது கொஞ்சம் மிகை. பாலி ஃபார்மர் அதற்கு முன்பே கைக்குத்தை ஆயுதமாக்கியிருந்தார். தோற்கும் நிலையில் ஒரு குழு முழுவதையும் அப்படி ஆட வைத்த துணிச்சல்தான் பராசியுடையது.

அதுவரை கிண்ணமே தொடாத நார்த் மெல்பர்னுக்கு 1975இலும் 1977இலும் வென்று கொடுத்தார். 1977இல் இறுதியாட்டம் சமநிலையாகி, மறுபடியும் ஆட வேண்டியிருந்தது. 1981இல் பழைய மெல்பர்னுக்கே பயிற்றுநராகத் திரும்பினார். 5 ஆண்டுகளில் ஒன்றும் கைகூடவில்லை. 1993இல் தொடர் தோல்வியில் தவித்த சிட்னி குழுவை ஏற்று 1995 வரை தூக்கி நிறுத்தினார். மறு ஆண்டே அக்குழு, வேறு பயிற்றுநரின்கீழ், இறுதியாட்டத்தை எட்டியது.

மெல்பர்ன் மீண்டும் கிண்ணம் வென்றது 2021இல். அதைப் பார்க்கப் பராசி இருந்தார். 2023 செப்டம்பரில், 87ஆம் வயதில் காலமானார்.