காய்ச்சல் தாளும் சர்க்கரைக் கோடும்

நோயைக் கோடாக வரைந்து பார்க்கும் வழக்கத்தை மருத்துவமனைக்குள் வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர், ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ். சுமார் 25,000 நோயாளிகளின் உடல் வெப்பத்தை அளந்து, 1868இல் நூலாக வெளியிட்டார். அன்றாட அளவுகளைப் புள்ளிகளாக்கி இணைத்தபோது காய்ச்சலின் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. அளவெடுப்பதை உதவியாளர்களிடம் விடலாம், பொருள் சொல்ல வேண்டியவர் மருத்துவரே என்பது அவர் கருத்து. காலப்போக்கில் அளந்து குறிப்பது செவிலியர் வேலையானது. பெரும்பாலும் பெண் வரைந்தாள், ஆண் படித்தார். அந்த உடம்புக்கு உரியவருக்கு அதைப் படிக்கும் உரிமை இருக்கவில்லை.

காய்ச்சல் சில நாளில் போய்விடும். சர்க்கரை நோய் வாழ்நாள் முழுதும் கூடவே வருவது. என்ன சாப்பிடுவது, எவ்வளவு இன்சுலின் போடுவது என்று நோயாளியே தினமும் முடிவெடுக்க வேண்டும். ஆனால் நெடுங்காலம் அவர் கையில் இருந்தது சிறுநீர்ச் சோதனை மட்டுமே. பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைச் சேர்த்துச் சூடாக்கினால் நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், செங்கல் நிறமாகும். அது சொன்னதும் சில மணி நேரத்துக்கு முந்தைய கதை.

பன்னிரண்டு வயதிலிருந்தே இந்நோயுடன் வாழ்ந்த அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன், 1969இல் ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவியின் விளம்பரத்தைப் பார்த்தார். விலை 650 டாலர். மருத்துவர்களுக்கு மட்டுமே விற்பனை. அவருடைய மனைவி ஆன் மருத்துவர் என்பதால் அவர் பெயரில் வாங்கினார்கள். தினமும் பலமுறை அளந்து, உணவையும் இன்சுலினையும் அதற்கேற்ப மாற்றித் தன் உடல்நிலையைச் சீராக்கினார் பெர்ன்ஸ்டீன். பிறகு நாற்பத்தைந்து வயதில் மருத்துவக் கல்லூரியிலும் சேர்ந்தார். இதை ஒரு மனிதரின் விடாமுயற்சி என்றே சொல்கிறார்கள். எனக்கு ஆனின் பட்டம்தான் கண்ணில் படுகிறது. அந்தப் பட்டம் வீட்டில் இல்லாத நோயாளிகள் எத்தனை பேர்!

இன்று தோலில் ஒட்டிக்கொள்ளும் உணரிகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து திரையில் கோடு வரைகின்றன. சியாட்டிலில் தனியே வசித்த டானா லூயிஸ், இரவில் சர்க்கரை இறங்கும்போது கருவியின் எச்சரிக்கை ஒலி தன்னை எழுப்பாமல் போகுமோ என்று அஞ்சினார். 2013இல், தன் மகனுக்காக ஒரு தந்தை எழுதிய நிரலைப் பெற்று, அந்த எண்களை வெளியே எடுத்து, உரத்து ஒலிக்கும் ஏற்பாட்டைத் தானே உருவாக்கினார். அது வளர்ந்து, இன்சுலின் அளவைத் தானே சரிசெய்யும் அமைப்பானது. 2015இல் அதன் வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டார்.

ஆனாலும் கோட்டில் எதைச் சேர்ப்பது என்ற கேள்வி தீரவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2014இல் ஐபோனில் உடல்நலச் செயலியைத் தந்தபோது மாதவிடாயைக் குறிக்க அதில் இடமில்லை. மறு ஆண்டுதான் சேர்த்தார்கள்.

இது சிறிய விடுபடல் அல்ல. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் சர்க்கரை ஏறுகிறது. உதிரம் கண்டதும் இறங்குகிறது. ஏறிய நாட்களுக்கான அளவையே தொடர்ந்து போட்டால் மயங்கி விழக்கூடும். நானும் இன்சுலின் போடுபவள். எனக்குத் தந்த குறிப்பேட்டில் காலை, மதியம், இரவு என மூன்று பத்திகள் இருந்தன. மாதம் ஒருமுறை எண்கள் ஏறும்போதெல்லாம் "இனிப்பு சாப்பிட்டீங்களா?" என்ற கேள்விதான் வரும். நான்காவதாக ஒரு பத்தி போட்டு, விலக்கு நாட்களைச் சிவப்பு மையில் குறித்தேன். மூன்று மாதத் தாள்களை அருகருகே வைத்ததும் மருத்துவருக்கும் புரிந்தது. அந்த நாட்களுக்குத் தனி அளவு எழுதித் தந்தார்.

தோழியரே, உங்கள் குறிப்பேட்டில் இல்லாத பத்தி எது என்று பாருங்கள். தைராய்டோ, ஒற்றைத் தலைவலியோ, மூட்டுவலியோ, எதுவானாலும் அந்தப் பத்தியை நீங்களே போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.