கூன்: போட்டதும் விழுந்ததும்

'குனி' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அடுத்து 'கூன்' என்று சொல்லுங்கள். குறில் நெடிலாக நீண்டதும், நிகழ்ந்துகொண்டிருந்த செயல் உறைந்து வடிவமாகிவிடுகிறது. சுடு சூடானதும் விடு வீடானதும் இப்படித்தான் என்றாலும், இங்கே ஈற்று இகரமும் உதிர்ந்து, சொல்லே னகர ஒற்றின்மேல் கவிந்து நின்றுவிடுகிறது. வில்லை வளைப்பது குனித்தல், உடல் வளைய ஆடுவது குனிப்பு. குறிலுக்குள் இருக்கும் அந்த அசைவு நெடிலுக்குள் இல்லை. கன்னடத்திலும் தெலுங்கிலும் முதலெழுத்து மெலிந்தொலிக்கக் 'கூனு' என வழங்குவதால், இது நம் மொழிக்குடும்பத்துப் பழஞ்சொல் என்பதில் ஐயமில்லை.

சொல்லுக்குள் பழி ஏதும் இல்லை. பிறைநிலாவைக் கூனல் என்று புலவர்கள் கொஞ்சியிருக்கிறார்கள். கருவாட்டுக் கடையில் உழக்கில் அளந்து கொட்டும் சென்னாக்கூனியை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள்: வெட்டிப்போட்ட நகத்துணுக்குபோல ஒவ்வொன்றும் வளைந்து கிடக்கும். யாப்பிலும் கூன் உண்டு. அடியின் அளவுக்குள் அடங்காமல் தனித்து நிற்கும் சொல்லுக்கு அதுவே பெயர். வஞ்சிப்பாவில் அது இடையிலும் கடையிலும்கூட வரலாம். அளவுக்கு மிஞ்சிப் புடைத்ததை வழு என்று தள்ளாமல், பெயர் சூட்டி இடமும் கொடுத்த இலக்கணிகளை எண்ணி நான் பெருமைப்படுவதுண்டு.

மனிதர்மேல் ஏறியபோதுதான் சொல் கனத்தது. கலித்தொகையில் கூனியும் குறளனும் ஒருவரை ஒருவர் எள்ளிப் பேசிக்கொள்கிறார்கள். மந்தரைக்குக் கூனி என்பதே பெயராகி, பிறகு சூழ்ச்சிக்காரிக்கெல்லாம் அது பொதுப்பெயர் ஆயிற்று. கூன்பாண்டியனோ, கூன் நிமிர்ந்தபின் நின்றசீர் நெடுமாறன் ஆனான் என்கிறது சைவ மரபு; 'நின்ற', 'நெடு' என்ற இரண்டு சொற்களால் பழைய பெயரை அழித்துவிட்டார்கள். 'கூனிக் குறுகினான்' என்று வெட்கத்துக்கும் இந்த முதுகையே கொடுத்தோம்.

ஆனால் பேச்சுவழக்கு நுட்பமானது. 'கூன் போட்டு உட்காராதே' என்று பிள்ளையை அதட்டும் பாட்டி, தன் முதுகைப் பற்றி 'கூன் விழுந்துடுச்சு' என்கிறாள். போட்டது எடுக்கக்கூடியது, நிமிர்ந்தால் போய்விடும். விழுந்தது அப்படியன்று. 33 முள்ளெலும்புகளாலான தண்டில், முதுமையில் எலும்பு மெலிந்து முன்பக்கம் நொறுங்கினால், சதுரமாய் இருந்த எலும்பு ஆப்புபோல் ஆகிறது. அதன்மேல் இருப்பவை முன்னோக்கிச் சாய்கின்றன. பழக்கத்தால் வரும் வளைவையும் எலும்பின் வடிவமே மாறிய வளைவையும் மருத்துவர்கள் பிரிப்பது இந்த இடத்தில்தான். நம் பாட்டிகள் இரண்டு வினைச்சொற்களால் பிரித்துவிட்டார்கள்.

முன்னோக்கி வளைந்தால் கூனல், பக்கவாட்டில் வளைந்தால்? 'ஸ்கோலியோசிஸ்' என்ற கிரேக்க வழிச்சொல்லின் அடியே 'கோணல்' என்ற பொருள் உடையதுதான். கூனல், கோணல் என்று அடுத்தடுத்து ஒலித்துப் பார்த்தால் உயிரொன்றும் மெய்யொன்றுமே மாறுகின்றன. திசையோ அடியோடு மாறிவிடுகிறது. னகரமும் ணகரமும் வேறாதலால் வேர் ஒன்றென நான் துணியமாட்டேன்.

வளரும் பிள்ளைகளிடம் இந்தக் கோணலைப் பார்க்கும் முறை எளியது. பாதங்களைச் சேர்த்து, முழங்கால் மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்கிறார் மருத்துவர். தண்டு பக்கவாட்டில் வளையும்போது முறுக்கியும் கொள்வதால், நிமிர்ந்திருந்தவரை சட்டைக்குள் மறைந்திருந்த வளைவு, ஒருபக்க விலாவில் மேடாக எழும்பிக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காக அவர் பிள்ளையிடம் சொல்வது ஒரே சொல்: 'குனி.'