ஒரு மருத்துவர் கேட்ட மன்னிப்பு

1/ டாக்டர் ராபர்ட் ஸ்பிட்சர். தன்பால் ஈர்ப்பை 1973ல் அமெரிக்க மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்க முன்னின்றவர். அவரே 2003ல், சிகிச்சையால சிலர் மாறுறாங்கன்னு ஆய்வு வெளியிட்டார். வந்த இதழ், 'ஆர்க்கைவ்ஸ் ஆஃப் செக்சுவல் பிஹேவியர்'.

2/ ஆதாரம்? 200 பேர் போன்ல சொன்ன பதில். அவ்வளவுதான்! வழக்கமான நிபுணர் பரிசீலனை இல்லை. பதிலாக, அறிஞர்களின் விமர்சனங்களையும் கூடவே அச்சிட்டார்கள்.

3/ ஆனா விமர்சனத்தை யார் படிச்சா? 'மாற்றும் சிகிச்சை' நடத்தினவங்க ஆய்வை மட்டும் தூக்கிக் காட்டினாங்க.

4/ 2012ல் ஸ்பிட்சர் ஆய்வைத் திரும்பப் பெற நினைத்தார். தரவில் பொய் இல்லை, விளக்கம்தான் தவறு என்றால் நீக்க முடியாது என்றார் ஆசிரியர் கென்னத் ஸக்கர். மன்னிப்புக் கடிதம் மட்டும் அதே இதழில் வந்தது.

5/ அடுத்த முறை "ஆய்வு சொல்லுது"ன்னு யாராவது வந்தா கேளுங்க: எப்படி அளந்தாங்க?