‘மாவலிபுரச் செலவு’: பக்கிங்காம் கால்வாயின் தென்பகுதி வரலாற்றுக்கு ஓர் இலக்கியச் சான்று

முன்னுரை

பக்கிங்காம் கால்வாயின் வரலாற்றுக்கு அடிப்படைச் சான்றாக அமைவது, 1898இல் ஏ. எஸ். ரஸ்ஸல் தொகுத்த அரசு நூலாகும். இத்தகைய ஆவணங்கள் கால்வாய் வெட்டப்பட்ட முறையை விளக்குகின்றன. அதில் பயணம் செய்த மக்களைப் பற்றி அவற்றால் அறியக்கூடியது குறைவு. அக்குறையை ஈடுசெய்யும் சான்றாகப் பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ என்னும் பாடல் அமைவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கால்வாயின் வளர்ச்சி

சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையிலான முதற்பகுதி 1806இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டு, காக்ரேன் கால்வாய் என வழங்கியது. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக்கப்பட்டது. 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தின்போது, நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. பகுதி வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரையே கால்வாய் பெற்றது. 1882இல் அது மரக்காணத்தை எட்டியது.

விறகு, உப்பு, நெல் ஆகியவை இதன்வழியே சென்றன. படகுகள் பாய் விரித்தும், கழியால் உந்தியும், கரையிலிருந்து ஆட்கள் கயிறு கட்டி இழுத்தும் செலுத்தப்பட்டன.

1934ஆம் ஆண்டுப் பயணம்

1934இல் பாரதிதாசன், ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம், மயிலை சீனி. வேங்கடசாமி முதலிய தோழர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகில் சென்றார். இப்பயணத்தின் விளைவே மேற்கூறிய பாடல். ‘செலவு’ என்பது இங்குப் பயணம் என்னும் பழம்பொருளில் வந்துள்ளது.

சென்னையில் தொடங்கும் வாய்க்கால் புதுச்சேரி வரை நீள்வதாகப் பாடல் குறிக்கிறது. ஆவணங்களின்படி கால்வாயின் தென்முனை மரக்காணம். இதனைக் கவிஞரின் பிழை எனத் தள்ளுவது பொருந்தாது. புதுச்சேரிக்காரரான அவர், வெட்டப்பட்ட கால்வாயின் முடிவை அன்றி, வழியின் முடிவையே கருதினார் எனக் கொள்ளலாம். 2008இல் நான்காம் தேசிய நீர்வழி அறிவிக்கப்பட்டபோது, பக்கிங்காம் கால்வாயுடன் கழுவெளி ஏரியும் சேர்க்கப்பட்டு, புதுச்சேரியே தென்னெல்லையாகக் கொள்ளப்பட்டமை இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது.

இன்னொன்றும் புலனாகிறது. நண்பர்கள் சிலர் தம் விருப்பப்படி படகேறிச் செல்ல இயன்றது, சரக்குப் போக்குவரத்துக்காகக் கால்வாயின் ஆழமும் கரையும் பேணப்பட்டதாலேயே ஆகும். இன்பப் பயணம் வணிகத்தின் துணைவிளைவாக இருந்தது.

தென்புறநகரும் கால்வாயும்

சாலையும் இரயிலும் பெருகியபின் படகு வணிகம் தளர்ந்தது. 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்கள் கால்வாயைப் பெரிதும் சேதப்படுத்தின. ஆயினும் அதன் மற்றொரு பணி தொடர்ந்தது. தாம்பரத்தின் கிழக்கேயுள்ள சேலையூர், செம்பாக்கம் முதலிய ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயில் கலந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர்கிறது. எனவே, தாம்பரம் பகுதியின் வெள்ள வடிகாலும் பாரதிதாசனின் படகு சென்ற வழியும் ஒன்றே. படகு ஓடிய காலத்தில் தூர்வாருதல் வணிகத் தேவையாக இருந்தது. படகு நின்றபின் அத்தேவையை உணர்த்த வெள்ளமே எஞ்சியது. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் தென்புறநகரின் நீர்வழிகள் பற்றி எழுந்த விவாதங்களை இப்பின்னணியில் காணவேண்டும்.

முடிவுரை

1984இல் தொடங்கப்பட்ட முட்டுக்காடு படகுக் குழாம் இன்று உல்லாசப் பயணிகளை ஈர்க்கிறது. ஆனால் அது புறப்பட்ட துறைக்கே திரும்பும் உலா. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊரை அடையும் செலவு அன்று. நீர்வழி, வடிகால் என இரண்டாகப் பிரித்துப் பார்க்கப்படும் பணிகள் ஒரே பராமரிப்பால் நிலைபெற்றிருந்ததைப் பாடலையும் ஆவணங்களையும் இணைத்து நோக்கும்போது அறியமுடிகிறது. கால்வாயை மீட்டெடுக்கும் திட்டங்கள் இவ்வரலாற்று உண்மையைக் கருத்தில் கொள்வது இன்றியமையாதது.