போகொடப் பாலத்தின் ஆசாரி

பிரான்செஸ்கோ பொறொமினி 1599இல் லுகானோ ஏரிக்கரையிலுள்ள பிஸ்ஸோனே என்ற ஊரில் கல்தச்சர் குடும்பத்தில் பிறந்தார். ரோமாபுரிக்கு வந்து புனித இராயப்பர் பேராலய வேலையில் கல் செதுக்கினார். உறவினரான கார்லோ மதெர்னோவிடம் வரைபடம் போடப் பழகினார். 1638இல் சான் கார்லோ தேவாலயத்தை எழுப்பத் தொடங்கினார். அகலமில்லாத ஒரு தெருமுனையில், சுவர்களையே வளைத்து நெளித்து அவர் கட்டிய அந்தச் சிறிய கோயில் பரோக் கட்டடக்கலைக்கு இன்றும் முதல் எடுத்துக்காட்டு. 1667இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய பிறப்பும் இறப்பும், யாரிடம் பழகினார் என்பதும் நமக்குத் தெரிவதற்கு அவருடைய திறமை மட்டும் காரணமல்ல. அவர் தாளில் வரைந்தார். அந்தத் தாள்களில் பல வியன்னாவின் அல்பெர்ட்டினா காட்சிசாலையில் பத்திரமாக இருக்கின்றன. அதற்குச் சற்று முந்திய காலத்தில், இலங்கையின் ஊவாவில், ஹாலிஎலவுக்கு அருகே போகொடவில், கல்லந்த ஓயாவின் மேல் ஒருவர் மரத்தில் பாலம் போட்டார். அவர் பெயர் நம்மிடம் இல்லை. பெயர் இல்லாததால் ஆளே இல்லை என்று வரலாறு எழுதும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அது பிழை. போகொடப் பாலத்துக்கு ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார் என்பதற்குப் பாலமே சாட்சி.

பாலத்தின் நீளம் சுமார் 50 அடி, அகலம் 6 அடி. முழு நீளத்துக்கும் மேலே ஓட்டுக் கூரை. அதன் உயரம் 8 அடி அளவில். நடைத்தளத்துக்குப் பலா, தாங்குமரங்களுக்குக் கும்புக் என்கிற மருது, அலங்கார வேலைக்கும் துணைத் தாங்கல்களுக்கும் கருங்காலியும் மில்லவும். இணைப்புகளில் இரும்பு இல்லை, மர ஆணிதான். அடியில் பாரத்தை ஏற்க 35 அடிக்குக் குறையாத ஒரே அடிமரம் நிற்கிறது. இந்தப் பட்டியலை ஒரு தச்சர் வாசித்தால் அதில் ஒரு மனம் வேலை செய்திருப்பது உடனே தெரியும். மருது ஆற்றங்கரையில் வளர்கிற மரம், ஈரத்துக்கு அஞ்சாதது. பலாவை வீட்டு நிலைக்கும் கதவுக்கும் எடுக்கிறோம். அதை மழை படாமல் வைத்தால் தலைமுறைகள் தாண்டும். அப்படியானால் கூரை யாருக்காக? வழிப்போக்கர் ஒதுங்கி நிற்கத்தான் என்று சட்டென்று தோன்றும். ஆனால் அது முதலில் பாலத்துக்கான குடை. நனைவதும் காய்வதுமாக மாறி மாறி வந்தால் எந்த மரமும் உளுத்துப்போகும். ஊவாவின் மாரி மழையை அறிந்த ஒருவர், எந்த மரம் நனையலாம், எது நனையக்கூடாது என்று முன்கூட்டியே பிரித்து, அந்த முடிவிலிருந்து மேலே போயிருக்கிறார். அகலத்தையும் பாருங்கள். ஆறடியில் இரட்டை மாட்டு வண்டி வசதியாகப் போகாது. ஆட்களும் பொதிமாடுகளும் போகலாம். பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய வழியில் எது நடந்ததோ அதற்கு அளவெடுத்துச் செய்த பாலம் இது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு: கிராமத்துத் தச்சர்கள் கூடி வழக்கப்படி செய்த வேலை, அதில் தனி மனிதரைத் தேடுவது ஐரோப்பியக் கண்ணாடி வழியே பார்ப்பது என்பார்கள். பாதி சரி. கண்டி இராச்சியத்தில் கைவினைஞர் இராஜகாரிய முறைக்குள் இருந்தார்கள். அரசனுக்கோ கோயிலுக்கோ வேலை செய்வார்கள். கூலிக்குப் பதில் உழுது உண்ண நிலம் கிடைக்கும். ஆனால் அந்த முறைக்குள்ளேயே மூலாச்சாரி என்ற பதவி இருந்தது. தலைமை ஆசாரி என்பதே அதன் பொருள். தமிழ்க் காதுக்கு விளக்கம் தேவையில்லை. கண்டி தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தையும் அருகிலுள்ள ஏரியையும் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் அமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்று மரபு சொல்கிறது. எம்பெக்கே தேவாலயத்தின் செதுக்குத் தூண்களோடு தெல்மட மூலாச்சாரியின் பெயர் ஒட்டியிருக்கிறது. அங்கே கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்களை ஒரே மர ஆணி பிடித்து வைத்திருக்கிறது. 26 பேர் கூடிப் பேசி அந்த ஆணியைச் செய்திருக்க முடியாது. பலர் உழைத்தார்கள், ஒருவர் தீர்மானித்தார். பொறொமினியின் ரோமிலும் நடந்தது அதுதான்.

அப்படியானால் ஒரு பெயர் நின்றது, மற்றது ஏன் போனது? ரோமில் தேவாலய வேலைக்குப் பணம் கொடுத்தார்கள், பற்றுச்சீட்டு எழுதினார்கள். கண்டியில் நிலம் கொடுத்தார்கள். லேகம்மிட்டி என்ற பதிவேடுகள் எந்தக் காணிக்கு எந்த ஊழியம் என்பதைக் குறித்தன, எந்தக் கை எந்த உத்தரத்தைச் செதுக்கியது என்பதை அல்ல. அதோடு ஊவா அமைதியாக இருந்த நாடுமல்ல. 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா படையோடு ஏறிவந்து பதுளையை எரித்தான். திரும்பும் வழியில் ரந்தெனிவெலவில் அவனும் படையும் அழிந்தார்கள். பொறொமினி ரோமில் தூண் வரைந்துகொண்டிருந்த ஆண்டு அது. பரோக் கோயில்களைக் கொண்டுவந்த அதே கப்பல்களின் மக்கள் மலைநாட்டுக்குக் கொண்டுவந்தது தீயை மட்டுமே. 1817–18 கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் வயலையும் வீட்டையும் கொளுத்தியதில் ஊவாவின் நினைவில் இன்னொரு பங்கு போனது.

இன்னொரு மறுப்பு கனமானது. கூரையும் பலகையும் பலமுறை மாற்றப்பட்டவை, 16ஆம் நூற்றாண்டு என்பதே வழிவழியாகச் சொல்லப்படுவது, இன்று நிற்பதில் அந்த ஆசாரியின் கை எவ்வளவு என்று கேட்கலாம். சுவிற்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் இதேபோல் கூரையிட்ட மரப்பாலம் ஒன்று உண்டு, 14ஆம் நூற்றாண்டுக்குரியது. 1993இல் தீப்பிடித்து அதன் பெரும்பகுதி போயிற்று, திரும்பக் கட்டினார்கள். அதை யாரும் 1990களின் பாலம் என்பதில்லை. மரக் கட்டடத்தின் வயதைப் பலகையில் அல்ல, திட்டத்தில் பார்க்க வேண்டும். ஒரு பலகை உளுத்தால் அதே அளவில், அதே மரத்தில், அதே ஆணியால் இன்னொன்று போட முடிந்ததே, அதுவும் முதல் ஆசாரியின் வேலைதான்: பழுதுபார்க்க வசதியாகக் கட்டுவது. 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டபின் அந்தப் பழுது பார்க்கும் கைகளுக்கு இருந்த கடமை அறுந்தது. பிறகு கோப்பி வந்தது, தேயிலை வந்தது, வண்டிப் பாதைகள் வேறு வழியாகப் போயின. பாலம் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். போக்குவரத்து அதன் மேலேயே தொடர்ந்திருந்தால், பிரித்துவிட்டு இரும்பில் போட்டிருப்பார்கள்.

பெயரற்ற வேலைக்கு மக்கள் தாமாகவே ஒரு பெயரைத் தேடிக்கொள்வார்கள் என்பதற்கும் இதே வட்டாரத்தில் சான்று இருக்கிறது. 1924இல் பதுளைக்கு இரயில் வந்தது. அதற்காக 1921இல் கட்டிய தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் தம் யோசனையால் கட்டினார் என்ற கதை தோட்டத்துக்குத் தோட்டம் உலவுகிறது. அப்பாலத்தின் வரைபடங்களும் கணக்கும் 1923இல் இலங்கைப் பொறியியல் சங்கம் வெளியிட்ட அறிக்கையில் இருக்கின்றன. ஆவணம் இருந்தும் கதை வாழ்கிறது. பொறியாளரின் பெயர் அச்சில் ஏறியது, கல் சுமந்தவரின் பெயர் ஏறவில்லை என்ற ஆதங்கம் அந்தக் கதைக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் போகொடவுக்கு இப்படி ஒரு நாயகனைக் கற்பனை செய்ய வேண்டாம். அந்த அடிமரத்தைக் காட்டிலேயே நிற்கும்போது பார்த்து, இது ஆற்றுக்கு எட்டும், இதை வெட்டலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை ஒரு பலகையைக் கழற்றும்போது, புதியதைப் பொருத்துவதற்கு முன் பழையதன் அடிப்புறத்தில் உளித்தடங்களை அளந்து வரைந்து வைக்கலாம். ரோமில் தாள் செய்த வேலையை இங்கே அந்த மரமே செய்துகொண்டிருக்கிறது.