காலி நகரத்தில் ஒரு சக்கரவர்த்தி

1812, செப்டம்பர் 14. மாஸ்கோவின் எல்லையில், ஊர்ப் பெரியவர்கள் வந்து தன்னிடம் சரணடைவார்கள் என்று காத்திருந்தார் நெப்போலியன். ஐரோப்பாவில் அதுதான் வழக்கம். நேரம் போனதே தவிர, யாரும் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்: ஊரே காலி!

காலி செய்தது யார்? ரஷ்யத் தளபதி குதுசோவ். அறுபதைத் தாண்டிய கிழவர். பழைய போர்க் காயத்தால் ஒரு கண் பார்வை சரியில்லை. ஒரு வாரம் முன்புதான் போரோதினோவில் நெப்போலியனோடு மோதியிருந்தார். இருதரப்பிலும் சேர்த்து, ஒரே நாளில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சுமார் 70,000 பேர்!

செப்டம்பர் 13 அன்று, ஃபிலி என்ற கிராமத்தில், ஒரு விவசாயியின் குடிசையில் தளபதிகளைக் கூட்டினார் குதுசோவ். 'மாஸ்கோவை விடக்கூடாது, மோதுவோம்' என்றார் பென்னிக்சன். வேறு சிலரும் ஆமோதித்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட கிழவர், பின்வாங்க உத்தரவிட்டார். மாஸ்கோ போனால் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம்; படை போனால் ரஷ்யாவே போச்சு என்பது அவர் கணக்கு. அன்றிரவு அவர் அழுததாகச் சொல்வார்கள். இருக்காதா பின்னே? கோழை, துரோகி என்று ஊர் ஏசும் என்பது தெரியாதவரா அவர்!

இப்போது நெப்போலியனிடம் வருவோம். அவர் நுழைந்ததுமே மாஸ்கோ தீப்பற்றி எரிந்தது. பெரும்பகுதி சாம்பல். ஜார் அலெக்ஸாண்டருக்குச் சமாதானத் தூது போனது. பதிலே இல்லை. அக்டோபரில் லாரிஸ்டன் என்ற தளபதியை குதுசோவிடமே அனுப்பிப் பார்த்தார். 'பேச எனக்கு அதிகாரம் இல்லையே' என்று கைவிரித்துவிட்டார் கிழவர். அந்த இடைவெளியில் ரஷ்யப் படை தின்று, தூங்கி, தேறிக்கொண்டிருந்தது.

ரஷ்யாவில் பிரெஞ்சுத் தூதராக இருந்த கோலன்கூர், அங்கே குளிர் எப்படியிருக்கும் என்று எச்சரித்தார். நெப்போலியன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளியே நல்ல வெயில் அடித்ததல்லவா! மாஸ்கோவைப் பிடித்தால் ஜார் பணிவான் என்று முடிவு கட்டியாகிவிட்டது. பணியாவிட்டால்..? அந்தக் கேள்விக்கே அங்கு இடமில்லை.

ஐந்து வாரம் வீணாக்கி, அக்டோபர் 19-ல் கிளம்பியபோது உடன் இருந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். நவம்பரில் பனி கொட்டியது. பெரும்பாலான குதிரைகளுக்குப் பனியில் வழுக்காத லாடம்கூட இல்லை. விழுந்த குதிரைகள் எழவில்லை. பீரங்கிகளை வழியிலேயே போட்டுவிட்டு நடந்தார்கள். ஜூன் மாதம் நியேமன் நதியைக் கடந்து ரஷ்யாவுக்குள் லட்சக்கணக்கில் நுழைந்த படை அது. டிசம்பரில் அதே நதியைத் திரும்பக் கடந்தவர்கள் சில பத்தாயிரம் பேர்தான்.

'சரி சார், ஜார்கூடத்தான் கடைசிவரை அசையவில்லை. ஜெயித்தவன் செய்தால் உறுதி, தோற்றவன் செய்தால் பிடிவாதமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஜாருக்கு குதுசோவை அறவே பிடிக்காது. 1805-ல் ஆஸ்டர்லிட்ஸில் தோற்றதிலிருந்து மனக்கசப்பு. ஆனாலும் அந்தக் கிழவரையே தலைமைத் தளபதி ஆக்கினார். நாடு பிழைக்க வேண்டும் என்பதற்காகத் தன் வெறுப்பை விழுங்கினார். குதுசோவ் அதே காரணத்துக்காக மாஸ்கோவை விட்டார், தன் நல்ல பெயரையும் விட்டார். ஒன்றைக் காப்பாற்ற மற்ற எல்லாவற்றையும் விடத் தயாராக இருந்தார்கள். நெப்போலியனால் விட முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: 'என் கணக்கு தப்பாது' என்கிற எண்ணம். அதைக் காப்பாற்றத்தான் அத்தனை உயிர்கள்.

நமக்கும் ஆளுக்கொரு மாஸ்கோ இருக்கிறது. கொள்கைக்காக நிற்கிறோமா, பிடித்த முயலுக்கு மூணே கால் என்று நிற்கிறோமா? தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. 'எது நடந்தால் நான் மனசை மாத்திக்குவேன்?' என்று நம்மையே கேட்டுப் பார்க்கலாம்.

'எது நடந்தாலும் மாட்டேன்' என்று பதில் வந்தால், வெயில் இருக்கும்போதே கிளம்பிவிடுவது நல்லது.