வெள்ளித்திரை வழக்குகள் – 12: ஏழு ஆண்டு என்றால் ஏழு ஆண்டுதான்

1943 மே 5. வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவுடன் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தம் அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஸ்டுடியோ கணக்கு வேறு மாதிரி இருந்தது. இன்னும் 25 வாரம் பாக்கி, அதையும் நடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்கள்.

அந்த 25 வாரம் எங்கிருந்து முளைத்தது என்பதைச் சொல்லாமல் அன்றைய ஹாலிவுட்டைப் புரிந்துகொள்ள முடியாது. நடிகர்களுக்கு அப்போது வாரச் சம்பளம். ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் நீட்டிப்பதா, வெட்டிவிடுவதா என்று முடிவெடுக்கும் உரிமை ஸ்டுடியோவுக்கு மட்டும்தான், நடிகருக்குக் கிடையாது. எந்தப் படம், எந்த வேடம் என்பதையும் அவர்களே சொல்வார்கள். ‘இந்த வேடம் வேண்டாம்’ என்று ஒரு நடிகை சொன்னால் உடனே சஸ்பெண்ட். சம்பளம் நிற்கும். வேறு கம்பெனிக்கு நடிக்கவும் தடை. கொடுமையின் உச்சம் இனிமேல்தான்: வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த வாரங்களை எல்லாம் எண்ணி, ஒப்பந்தத்தின் கடைசியில் ஒட்டவைத்துவிடுவார்கள். மறுக்க மறுக்க ஒப்பந்தம் நீண்டுகொண்டே போகும். வட்டி குட்டிபோடும் கடன் பத்திரம்தான் அது.

ஒலிவியா பிறந்தது 1916-இல், டோக்கியோவில். பெற்றோர் ஆங்கிலேயர். மூன்று வயதுக்குள் தாயோடும் தங்கையோடும் கலிபோர்னியா வந்துவிட்டார். அந்தத் தங்கைதான் பின்னாளில் ஜோன் ஃபோன்டெய்ன் என்று பெயர் பெற்ற நடிகை. 1934-இல் நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் ஹாலிவுட் பவுல் அரங்கில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை மேடையேற்றினார். அதில் ஹெர்மியாவாக நடிக்க வேண்டியவருக்கு வரமுடியாமல் போக, மாற்று நடிகையாக இருந்த 18 வயதுப் பெண் மேடையேறினாள். அந்த ஆண்டு முடிவதற்குள் வார்னர் ஒப்பந்தம் கையில்; வாரம் 200 டாலர். 1936-இல் அதை மாற்றி ஏழாண்டு ஒப்பந்தம் எழுதினார்கள்.

பிறகு நடிகர் எரோல் ஃப்ளின்னோடு எட்டுப் படங்கள். ‘கேப்டன் பிளட்’, ‘ராபின் ஹூட்’ போன்றவை வசூலை அள்ளின. ஆனால் அவற்றில் கதாநாயகிக்கு வேலை என்ன? நாயகன் வாள் வீசுவான், இவர் பதறி நிற்பார், கடைசியில் அவன் கைப்பிடிப்பார். ஒலிவியாவுக்கு இது போதவில்லை.

‘கான் வித் தி விண்ட்’ படத்தின் மெலனி வேடத்துக்குத் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் அவரைக் கேட்டபோது, ஸ்டுடியோ முதலாளி ஜாக் வார்னர் விடவில்லை. ஒலிவியா நேரே வார்னரின் மனைவி ஆனைத் தேநீருக்கு அழைத்துப் பேசினார். வீட்டுக்குள்ளிருந்து சிபாரிசு வந்த பிறகுதான் வார்னர் இறங்கிவந்தார். மெலனி வேடம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. விருதை அதே படத்தில் நடித்த ஹாட்டி மெக்டானியல் பெற்றார். ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். உலகமே மெலனியைக் கொண்டாடியது. சொந்த ஸ்டுடியோ என்ன செய்தது? அந்தப் படம் வந்த அதே 1939-இல் பெட் டேவிஸ் அரசியாக நடித்த படத்தில் அரசவைப் பெண்களில் ஒருத்தியாக ஒலிவியாவை நிறுத்தியது. ஒரு கலைஞரின் திறமையைப் பூட்டிவைப்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. அதன் பிறகு அவர் வேடங்களை மறுக்கத் தொடங்கினார். சஸ்பெண்ட் மேல் சஸ்பெண்ட். அப்படிச் சேர்ந்தவைதான் அந்த 25 வாரங்கள்.

வக்கீல் மார்ட்டின் காங் ஒரு பழைய விதியை எடுத்துக் காட்டினார். ஒருவர் தன் உழைப்பைத் தருவதாக எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தை ஏழு ஆண்டுக்கு மேல் அவர்மீது செயல்படுத்தக்கூடாது என்று கலிபோர்னியா தொழிலாளர் சட்டம் சொன்னது. மனிதனை மனிதனுக்கு ஆயுளுக்கும் கட்டிப்போடாமல் இருக்க வந்த விதி.   ஏழு ஆண்டு என்றால் ஏழு ஆண்டு வேலை செய்த காலம் என்றது ஸ்டுடியோ. இல்லை, நாள்காட்டியில் ஓடிய ஏழு ஆண்டு என்றார் காங்.

1943 ஆகஸ்டில் வழக்கு போட்டார்கள். பெட் டேவிஸ் இதே வார்னரோடு 1936-இல் லண்டன் நீதிமன்றத்தில் மோதித் தோற்றுத் திரும்பியதை ஊரே அறியும். ஒலிவியாவுக்கு வேலை கொடுக்கக்கூடாது என்று ஜாக் வார்னர் மற்ற ஸ்டுடியோக்களுக்குக் கடிதம் அனுப்பினார். கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் அவர் கேமரா முன்னால் நிற்கவே இல்லை. நடிகைக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் போகும் இரண்டு ஆண்டு திரும்ப வராது. அந்த நாட்களில் அவர் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய்க் காயம்பட்ட வீரர்களோடு உட்கார்ந்து பேசினார். அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகள் வரைக்கும், தென் பசிபிக் வரைக்கும் போனார். ஃபிஜியில் நிமோனியா கண்டு படுத்தார்.

1944 மார்ச்சில் தீர்ப்பு அவர் பக்கம். வார்னர் மேல்முறையீடு செய்தது. டிசம்பரில் அங்கும் தோற்றது. ஏழு ஆண்டு என்பது நாள்காட்டி ஆண்டுகளே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது. இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது: இந்தப் பாதுகாப்பு பொதுநலனுக்காக வந்தது, ஆகவே தொழிலாளி கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. ‘நீதானே சம்மதித்தாய்’ என்று வேலை கொடுப்பவர் சொல்லும் பேச்சை அந்த வரி அடைத்துவிட்டது. 1945 பிப்ரவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வழக்கை மறுபடி எடுக்க மறுத்தது. அதோடு முடிந்தது.

சுதந்திரம் கிடைத்த கையோடு என்ன நடித்தார் என்று பாருங்கள். 1946-இல் ‘டு ஈச் ஹிஸ் ஓன்’: மணமாகாத தாயாக, இளம்பெண்ணில் தொடங்கி நடுவயது வரை ஒரே படத்தில். முதல் ஆஸ்கர். 1948-இல் ‘தி ஸ்னேக் பிட்’ படத்துக்காக மனநல மருத்துவமனைகளுக்குப் போய், அங்கே கொடுத்த மின் அதிர்ச்சி சிகிச்சையை நேரில் பார்த்தார்; உடல் இளைத்து, ஒப்பனையைத் துறந்து நடித்தார். அடுத்த ஆண்டு ‘தி ஏர்ஸ்’. ஏமாற்றப்பட்ட பெண் பெட்டியோடு மாடிப்படி ஏறும் காட்சியை இயக்குநர் வில்லியம் வைலர் திரும்பத் திரும்ப எடுத்தார். பெட்டியில் கனம் தெரியவில்லை என்று உள்ளே புத்தகங்களை அடுக்கிக் கொடுத்தார் என்பார்கள். அந்தத் தளர்ந்த நடையைத் திரையில் பார்த்தால் நம்பலாம் என்றே தோன்றுகிறது. இரண்டாவது ஆஸ்கர் அதற்குத்தான். வார்னர் கொட்டகையில் இருந்திருந்தால் இந்த மூன்றில் ஒன்றுகூட அவருக்கு வந்திருக்காது.

பிறகு பாரிஸில் குடியேறினார். 1965-இல் கான் திரைப்பட விழா நடுவர் குழுவின் முதல் பெண் தலைவரானார். 2020 ஜூலையில், 104 வயதில் காலமானார்.

தீர்ப்பு அவரைத் தாண்டியும் வேலை செய்தது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜானி கார்சன் 1979-இல் என்.பி.சி.யோடு மோதியபோது கையில் எடுத்தது இதைத்தான். ‘தர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ்’ இசைக்குழுமீது 2008-இல் ரெக்கார்டு கம்பெனி மூன்று கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டபோது, குழு சொன்ன பதிலும் இதே விதிதான். மறு ஆண்டு சமரசம் ஆனது. ஆனால் பாடகர்கள் விஷயத்தில் 1987-லேயே ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டார்கள். ஏழு ஆண்டு முடிந்து ஒரு பாடகர் விலகினால், கொடுக்காமல் விட்ட ஆல்பங்களுக்கு நஷ்டஈடு கேட்கலாம் என்று. அதை நீக்க 2022-இல் வந்த மசோதா நிறைவேறவில்லை. நடிகைக்குக் கிடைத்த விடுதலை பாடகிக்கு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை.

இதே வார்னரிடம் லண்டனில் தோற்ற பெட் டேவிஸின் வழக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)